இறகு ஒன்று சொல்லும், எலும்பு வேறொன்று சொல்லும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கழுகுகளைப் பற்றிச் சின்னக் குறிப்பு ஒன்று போட்டிருந்தோம். அமெரிக்காவின் 38 மாநிலங்களில் சேகரித்த 1,210 கழுகுகளை (வெண்தலைக் கழுகு, பொன்னிறக் கழுகு இரண்டும் சேர்த்து) ஆராய்ந்து 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை பற்றியது அது. கிட்டத்தட்டப் பாதிக் கழுகுகளுக்கு நாள்பட்ட ஈய நஞ்சு இருந்ததாக அதில் கண்டிருந்தார்கள். நாலு வரிக் குறிப்புக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நீங்கள் பாதிக் கழுகுகள் என்று எழுதினீர்கள். அதே ஆய்வைப் பற்றி வேறு இடத்தில் படித்தால், மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் என்று இருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டும் சரி. அவர்கள் பார்த்த திசு வேறு, நான் சொன்ன திசு வேறு. பாதி என்பது தொடை எலும்பில் பார்த்தது. மற்றது கல்லீரல், ரத்தம், இறகு இவற்றை வைத்து, அண்மையில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த கணக்கு. அது இனத்துக்கு இனம், திசுவுக்குத் திசு மாறி 7 விழுக்காட்டிலிருந்து 35 வரை வருகிறது.

உலோகம் உடம்பில் எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பொறுத்து அது சொல்லும் கதையின் காலமும் மாறும். ரத்தம் இன்றைய நிலவரத்தைச் சொல்லும். ஒரு பறவையின் ரத்தத்தில் ஏறிய ஈயம், புதிதாக எதுவும் உள்ளே போகாவிட்டால், சுமார் இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். கல்லீரலும் சிறுநீரகமும் சில வாரங்கள், மாதங்கள் பின்னோக்கிப் பேசும். எலும்பு மட்டும் வாழ்நாள் கணக்கு வைத்திருக்கும், ஏனென்றால் உடம்புக்கு ஈயத்தையும் கால்சியத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. கால்சியம் என்று நினைத்து எலும்புக்குள் கட்டிவைத்துவிடுகிறது, வைத்தால் எளிதில் வெளியே விடாது. ஆகவே ரத்தம் சுத்தமாக இருக்கும் கழுகின் எலும்பில் நிறைய ஈயம் இருந்தால், இப்போது அது ஈயம் தின்னவில்லை, ஆனால் முன்பு பல தடவை தின்றிருக்கிறது என்று பொருள்.

காட்மியம் என்ற நச்சு உலோகத்துக்குப் பிடித்த இடம் சிறுநீரகம். மெட்டலோதயோனின் என்ற புரதம் அதைப் பிடித்துக் கட்டி அங்கேயே வைத்துக்கொள்கிறது, வயது ஏற ஏற அளவும் ஏறும். பாதரசத்துக்குக் கல்லீரல், மூளை, தசை எல்லா இடமும் உண்டு, இறகும் உண்டு. எனவே ‘பறவையின் உடலில் இவ்வளவு ஈயம்’ என்று எந்தத் திசு என்பதே சொல்லாமல் ஒரு செய்தி வந்தால், அந்த எண்ணைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

கேள்வி: நான் விலங்கியல் முதுகலை மாணவி. பறவையைப் பிடிக்காமல், கொல்லாமல், கீழே விழுந்து கிடக்கும் இறகுகளை மட்டும் பொறுக்கி உலோகம் பார்க்கலாம் என்று திட்டம் வைத்திருக்கிறேன். இது நடக்குமா?

பதில்: பாதரசத்துக்கு நன்றாகவே நடக்கும். ஈயத்துக்குத் தடுமாறும். காரணத்தைச் சொல்கிறேன், வழிகாட்டி ஆசிரியரிடம் பேசும்போது உதவும்.

இறகு வளர்கிற சில வாரங்கள் மட்டும்தான் அதற்கு ரத்த ஓட்டம் உண்டு. வளர்ந்து முடிந்ததும் குழாய் அடைத்துக்கொள்ளும், அதன் பிறகு உள்ளிருந்து எதுவும் இறகுக்குள் போகவும் முடியாது, வரவும் முடியாது. இறகைக் கட்டும் கெராட்டின் புரதத்தில் கந்தகம் அதிகம். பாதரசத்துக்குக் கந்தகம் என்றால் அப்படி ஒரு ஈர்ப்பு, போய் ஒட்டிக்கொண்டால் கழுவினாலும் போகாது, வெயிலிலும் போகாது. உடம்பில் இருக்கும் பாதரசத்தின் பெரும்பகுதியைப் பறவை இப்படி இறகுக்குள் தள்ளி, இறகு உதிரும்போது கழித்துவிடுகிறது. அதனால்தான் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த பழைய பறவைகளிடமும் இன்று பாதரசம் பார்க்க முடிகிறது.

இதைச் செய்து காட்டியவர்கள் சுவீடன்காரர்கள். அங்கே விதை நேர்த்திக்கு மெத்தில் பாதரச (உடம்பில் எளிதாகச் சேரும் பாதரச வடிவம்) மருந்து பூசிய தானியத்தை விதைத்தார்கள். 1950-கள் தொடங்கி, அதைப் பொறுக்கித் தின்ற பறவைகளும், அவற்றைத் தின்ற வேட்டைப் பறவைகளும் செத்து விழுந்தன. மருந்துதான் காரணம் என்றால் யாரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அருங்காட்சியகத்தில் நூறு வருடப் பழைய வல்லூறு இன இறகுகளை எடுத்துப் பார்த்தபோது, 1940 வரை பாதரச அளவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்து, அதன் பிறகு பல மடங்கு எகிறியிருந்தது. மருந்து புழக்கத்துக்கு வந்த காலமும் அதுவே. 1966-ல் அந்த மருந்துக்குத் தடை வந்தது. இறகை வைத்து இவ்வளவு சுத்தமாக ஒரு வழக்கை நிரூபித்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஈயத்துக்கு வருவோம். காற்றில் வரும் தூசி இறகின் மேல் படிகிறது, பறவை அலகால் கோதும்போது அது இன்னும் நன்றாகப் பரவுகிறது. அசிட்டோன் போட்டுக் கழுவினால் கொஞ்சம் போகும், முழுக்கப் போகாது. அப்புறம் கிடைக்கும் எண் உள்ளிருந்து வந்ததா வெளியிலிருந்து ஒட்டியதா என்று பிரிப்பது பெரும்பாடு.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே பறவையின் இறக்கையிலேயே, இறகுதிர்ப்பில் முதலில் முளைத்த இறகில் பாதரசம் கூடுதலாகவும் கடைசியில் முளைத்ததில் குறைவாகவும் இருக்கும், ஏனென்றால் சேர்ந்து கிடந்த சரக்கு முதலில் முளைப்பதற்குத்தான் அதிகம் போகிறது. எந்த இறகு என்று தெரியாமல் பொறுக்கினால் அந்த வித்தியாசத்தைப் பறவைக்குப் பறவை வித்தியாசம் என்று எழுதிவிடுவீர்கள். முடிந்தால் ஒரே இனத்தின் உடல் இறகுகள் (மார்பு, முதுகு) சிலவற்றைச் சேர்த்துப் பாருங்கள். இனம் தெரியாத இறகை விட்டுவிடுங்கள். விழுந்த இறகைப் பொறுக்குவதற்கே பல நாடுகளில் அனுமதி வேண்டும், அதையும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை ஆபத்தில்லை?

பதில்: கல்லீரலில் ஈயம் என்று வைத்துக்கொண்டால், ஈர எடையில் (உலர்த்தாமல் அப்படியே எடை போட்டு) 2 பிபிஎம்-க்குக் கீழே இருப்பதைச் சாதாரணச் சூழல் அளவு என்கிறார்கள். 6-ஐத் தாண்டினால் நோய் அறிகுறி தெரியும், 10-க்கு மேல் கடுமையான நஞ்சு. இவை முக்கியமாக நீர்ப்பறவைகளை வைத்து வந்த எண்கள், எல்லா இனத்துக்கும் அப்படியே பொருந்தாது.

ஈர எடை என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கல்லீரலில் ஏறத்தாழ 70 விழுக்காடு தண்ணீர். உலர்த்தி எடை போட்டால் அதே கல்லீரல் மூன்று மடங்குக்கும் மேலான எண்ணைக் காட்டும். ஒரு கட்டுரையின் உலர் எடையை எடுத்து இன்னொன்றின் ஈர எடையோடு ஒப்பிட்டு ‘மூன்று மடங்கு நஞ்சு’ என்று தலைப்புப் போடுவது அடிக்கடி நடக்கிறது, படிக்கும்போது எரிச்சலாக வரும்.

துத்தநாகமும் தாமிரமும் உடம்புக்குத் தேவையானவை. பறவை தானே அவற்றின் அளவை ஓரளவு சீர்செய்துகொள்ளும். அவற்றைப் பார்த்ததும் பதறாதீர்கள்.

கேள்வி: பறவை எதற்கு ஈயக் குண்டை விழுங்குகிறது? அதற்குக் கூடவா தெரியாது?

பதில்: தெரியாதுதான், எப்படித் தெரியும்? பறவைக்குப் பல் இல்லை. விழுங்கிய தானியத்தை அரைவைப்பையில் சின்னச் சின்னக் கற்களோடு சேர்த்து அரைக்கிறது, அதற்காகவே வாத்தும் அன்னமும் குளத்தடியில் கல் தேடிப் பொறுக்கும். வேட்டைத் துப்பாக்கியிலிருந்து சிதறி, எந்தப் பறவை மேலும் படாமல் சேற்றில் விழுந்த ஈய ரவை, அளவிலும் உருண்டையிலும் அந்தக் கல்லைப் போலவே இருக்கிறது. உள்ளே போனதும் அரைவைப்பை தேய்க்கிறது, அமிலம் கரைக்கிறது. ஈயத்தைக் கரைத்து ரத்தத்தில் சேர்க்க இதைவிட வசதியான இயந்திரம் வேண்டியதில்லை. சில நேரம் ஓரிரண்டு ரவையே போதும் ஒரு வாத்தைக் கொல்ல. வெறும் மக்காச்சோளம் தின்னும் வாத்துக்கு ஆபத்து இன்னும் கூடுதல், கால்சியமும் புரதமும் உள்ள இரை தின்றால் கொஞ்சம் தாங்கும்.

அது சாகும் விதம் கொடுமை. ஹீமோகுளோபின் உண்டாவதற்கு வேண்டிய ஒரு நொதியை ஈயம் முடக்குகிறது, ரத்தசோகை வருகிறது. நரம்பு தளர்கிறது, இறக்கை தொங்குகிறது. குடல் தசைகள் வேலைநிறுத்தம் செய்வதால் தின்றது கீழே இறங்காது. இரைப்பை நிறைய இரை இருக்கப் பட்டினியில் எலும்பும் தோலுமாகிச் செத்துப்போகும். குண்டடிபட்டுச் செத்த பறவை கண்ணில் படும். இது புதருக்குள் போய் ஒளிந்து சாகும், யாரும் எண்ணுவதில்லை. ஃபிராங்க் பெல்ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1959-ல் போட்ட கணக்கில், வட அமெரிக்காவின் நீர்ப்பறவைகளில் ஆண்டுதோறும் 2 முதல் 3 விழுக்காடு இப்படிப் போயின. அதற்குப் பிறகும் நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையைத் தடை செய்ய அவர்களுக்கு 1991 வரை ஆயிற்று.

கேள்வி: கழுகு கல் பொறுக்காதே. அதற்கு எப்படி?

பதில்: அது இரையோடு சேர்த்து விழுங்குகிறது. ஈயத் தோட்டா மானின் மேல் பாயும்போது நூற்றுக்கணக்கான துணுக்குகளாக உடைந்து சதையில் பரவுகிறது, எக்ஸ்ரே எடுத்தால் பனி தூவிய மாதிரி தெரியும். வேட்டைக்காரர் மானைக் கிழித்துக் குடலை அங்கேயே விட்டுப் போகிறார், அல்லது அடிபட்ட மான் தப்பி ஓடி எங்கோ சாகிறது. பிணம் தின்னும் பறவைகள் அதன் மேல் இறங்குகின்றன.

இதில் மிக மோசமாக அடிபட்டது கலிபோர்னியா காண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிப் பறவை. 1987-ல் காட்டில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள், அப்போது உலகிலேயே 27 பறவைகள்தான். பெருக்கித் திரும்ப விட்ட பிறகும் அவற்றைக் கொல்லும் முதல் காரணம் ஈயம்தான். ஈயத்தின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள்) விகிதத்தை ஒப்பிட்டு, காண்டோர் ரத்தத்தில் இருப்பது தோட்டாவின் ஈயத்தோடு பொருந்துவதைக் காட்டினார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. தாமிரத் தோட்டா கடையில் கிடைக்கிறது, நன்றாகவும் சுடுகிறது. இத்தனைக்குப் பிறகும் ஈயம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களை எனக்குப் புரியவில்லை.

கேள்வி: பாதரசம் மீனில்தான் என்று படித்திருக்கிறேன். மீனே தின்னாத சிட்டுக்குருவி அளவுப் பறவைகளிலும் இருக்குமா?

பதில்: இருக்கும், சில இடங்களில் மீன்கொத்திக்குச் சமமாகவே. வர்ஜீனியாவில் சவுத் ரிவர் என்ற ஆறு பல பத்தாண்டுகளுக்கு முன் பாதரசத்தால் கெட்டது. அங்கே ஆற்றங்கரை மரங்களில் வாழும், பூச்சி தின்னும் சின்னப் பறவைகளின் ரத்தத்தில் பாதரசம் ஏன் இவ்வளவு என்று தேடியபோது அகப்பட்டது சிலந்தி. 2008-ல் வெளியான ஆய்வு. சிலந்தியே பூச்சிகளை வேட்டையாடுவது, அதனால் உணவுச் சங்கிலியில் ஒரு படி மேலே இருக்கிறது. அதைத் தின்னும் குருவி இன்னொரு படி மேலே ஏறிவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் மெத்தில் பாதரசம் செறிவு கூடும். சேற்றில் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள்தான் சாதாரணப் பாதரசத்தை இந்த மெத்தில் வடிவத்துக்கு மாற்றுகின்றன. சதுப்பு நிலங்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் வில்லங்கமான இடங்கள்.

கொல்லாத அளவிலும் அது வேலையைக் காட்டும். புளோரிடாவில் வெள்ளை அரிவாள் மூக்கன்களுக்கு இரையோடு மிகச் சிறிய அளவு மெத்தில் பாதரசம் கொடுத்துப் பார்த்த சோதனையில், ஆண் பறவைகளின் இணை தேடும் நடத்தையே மாறி, குஞ்சு பொரித்து வளர்த்த ஜோடிகள் குறைந்தன. பறவை நலமாகத்தான் தெரியும், கூடுதான் காலியாக இருக்கும்.

கேள்வி: நடுக்கடலில் வாழும் ஆல்பட்ராஸுக்கு எந்தத் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கிறது? அதன் ஈரலில் பாதரசம் எக்கச்சக்கம் என்கிறார்களே, எப்படி உயிரோடு இருக்கிறது?

பதில்: பாதரச ஆவி காற்றோடு உலகத்தையே சுற்றும், அதற்குப் பக்கம் தூரம் கிடையாது. எரிமலையிலிருந்து வருவதும் உண்டு, நிலக்கரியிலிருந்து வருவதும் உண்டு. ஆல்பட்ராஸ் பல பத்தாண்டுகள் வாழ்கிறது, பெரிய மீனும் கணவாயும் தின்கிறது, இறகுகளையும் மெதுவாகத்தான் மாற்றுகிறது. கழிக்கும் வழி குறுகியது என்பதால் சேர்ந்துகொண்டே போகிறது.

எப்படித் தாங்குகிறது என்பதற்குச் செலினியம் என்ற தனிமம் பதில். ஈரலில் மெத்தில் பாதரசத்தை உடைத்து, செலினியத்தோடு சேர்த்து, கரையாத நுண்துகளாக ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறது. ஈரலின் மொத்தப் பாதரசத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், அதில் பெரும்பங்கு செயலற்றது. அதற்காகச் செலினியம் நல்ல பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் பாசனக் கழிவு நீரோடு வந்து சேர்ந்த செலினியத்தால் 1983-ல் கண்ணில்லாத, காலில்லாத குஞ்சுகள் முட்டைக்குள் இருந்தன.

கணவாய் தின்னும் கடற்பறவைகளின் சிறுநீரகத்தில் காட்மியமும் அதிகம் இருக்கும், அதுவும் பெரும்பாலும் இயற்கையாகவே. அதிகம் இருந்தாலே யாரோ கொட்டினார்கள் என்று முடிவு கட்ட முடியாது.

கேள்வி: தாயிடமிருந்து முட்டைக்குப் போகுமா?

பதில்: மெத்தில் பாதரசம் தாராளமாகப் போகும், பெரும்பாலும் வெள்ளைக்கருவுக்கு. ஈயம் கொஞ்சம் போகும், ஓட்டிலும் சேரும். காட்மியம் கிட்டத்தட்டப் போவதே இல்லை, தாயின் சிறுநீரகமே பிடித்துவைத்துக்கொள்கிறது. முட்டையிடும் காலத்தில் ஓட்டுக்காகப் பெட்டைக்குக் கால்சியம் அவசரமாகத் தேவைப்படும், அப்போது ஈயத்தையும் கூடுதலாக உறிஞ்சும்.

கேள்வி: பறவைக்கு ஈயம் பார்த்து மனிதர்களுக்கு என்ன ஆகப்போகிறது? (கோபமாக எழுதியிருந்தார், பெயர் வேண்டாம்.)

பதில்: மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் என்று ஒரு துறைமுக ஊர். 2006 டிசம்பர் முதல் அங்கே பறவைகள் கொத்துக்கொத்தாக விழுந்தன, சில மாதங்களில் சுமார் 9,500 என்று மதிப்பிட்டார்கள். துறைமுகம் வழியாகக் கப்பலேற்றிய ஈயக் கார்பனேட்டின் தூசி காற்றில் பறந்து, மரத்திலும் பூவிலும் படிந்திருந்தது. பறவைகளைச் சோதித்த பிறகே மனிதர்கள் பக்கம் திரும்பினார்கள். கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கும் வீடுகளிலும், குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. பறவைகள் விழாமல் இருந்திருந்தால் இது எப்போது தெரியவந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் மாடப்புறாக்களின் ரத்த ஈயத்தை வட்டாரவாரியாகப் பார்த்தார்கள். புறாவுக்கு அதிகம் இருந்த வட்டாரங்களில் குழந்தைகளுக்கும் அதிகம் இருந்தது. 2016-ல் வந்த ஆய்வு. ஒரே தெருத் தூசியில்தானே இரண்டும் நடமாடுகின்றன.

கேள்வி: ஈயம் ஏறிய பறவைக்கு மருந்து உண்டா?

பதில்: உண்டு. கால்சியம் இடிடிஏ போன்ற மருந்துகள் ஈயத்தைப் பிடித்துச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். வயிற்றில் துணுக்கு இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். காண்டோர்களை அடிக்கடி பிடித்து ரத்தம் பார்த்து இந்தச் சிகிச்சை கொடுக்கிறார்கள். விட்டதும் அது மறுபடி ஈயம் சிதறிய பிணத்தில்தான் போய் உட்காருகிறது. காட்டில் பறக்கும் பல்லாயிரம் வாத்துகளுக்கு இதைச் செய்ய முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: தடை போட்டு எதாவது குறைந்திருக்கிறதா, இல்லை எல்லாம் காகிதத்தில்தானா?

பதில்: குறைந்திருக்கிறது. பிரிட்டனில் தூண்டிலில் கட்டும் சின்ன ஈய எடைகளுக்கு 1987-ல் தடை வந்தது, அதன் பின் அன்னங்களின் எண்ணிக்கை நன்றாகவே ஏறியது. ஈயம் கலந்த பெட்ரோல் 2021-ல் உலகில் கடைசியாக அல்ஜீரியாவிலும் நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரியிலிருந்து நீர்நிலைகளிலும் அவற்றின் ஓரத்திலும் ஈய ரவை சுடக்கூடாது. ஆனால் சேற்றில் கிடக்கும் பழைய ஈயம் சட்டத்தைப் படிப்பதில்லை, அது மெல்ல மெல்ல ஆழத்தில் அமிழ்ந்தால்தான் உண்டு.

கேள்வி: கூண்டுக் கிளிக்கும் இந்த ஆபத்து உண்டா?

பதில்: துத்தநாகப் பூச்சுள்ள புதுக் கம்பியைக் கடித்துக் கடித்துத் துத்தநாக நஞ்சு ஏறுவது உண்டு. துருப்பிடிக்காத எஃகுக் கூண்டு நல்லது. நம் தலைப்பு காட்டுப் பறவை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

கேள்வி: செத்த நீர்ப்பறவை ஒன்றைக் கண்டால் ஈயமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எடுத்து வைக்கலாமா?

பதில்: வெறும் கையால் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சலாலும் சாகலாம். ஏழெட்டு ஒரே இடத்தில் கிடந்தால் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ முதலில் சொல்லுங்கள். மார்பெலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு, ஆசனவாய்ப் பக்கம் பச்சைக் கறை இருந்தால் ஈயத்தைச் சந்தேகிக்கலாம், ஆனால் உறுதி செய்ய ஆய்வகம்தான் வேண்டும். அறுப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், குண்டு இருந்தால் தெரிந்துவிடும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஈயமில்லை என்று முடிவு கட்டாதீர்கள், குண்டு முழுக்கத் தேய்ந்து கரைந்திருக்கலாம். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் ஃபார்மலினில் போடாமல் உறைய வைத்து அனுப்ப வேண்டும். கூடவே ஒரு கால் எலும்பையும் அனுப்பச் சொல்லுங்கள்.